தினேஷ்குமாரும் பன்னிரண்டு மில்லிமீட்டரும்

மூக்கண்டப்பள்ளி,
ஓசூர்.
27.10.2025

அன்புள்ள ஜோதிமணிக்கு,

வெள்ளைச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே சுவேதா நலம். பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள், நான் சொன்னால் மட்டும் கேட்பதில்லை. நாட்றாம்பாளையத்தில் குளிர் ஆரம்பித்திருக்கும். ஸ்வெட்டரை பீரோவிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. போன் இருக்கும்போது எதற்கு என்று நினைப்பாய். அந்த மலையில் உங்கள் வண்டி நிற்கிற மேட்டில்தான் உனக்கு சிக்னல் கிடைக்கிறது. அங்கே நின்று பேசினால் பக்கத்தில் அவனும் நிற்கிறான். போன தடவை நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்டது. திங்கள்கிழமை மருந்து எடுக்க ஓசூர் வருகிற வண்டியில் கொடுத்தனுப்பலாம்தான். அதை ஓட்டுகிறவனும் அவன்தானே. அதனால் தபாலில் போடுகிறேன்.

சொல்ல வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, உங்கள் டிரைவர் தினேஷ்குமார். இரண்டாவது, என் இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. முதல் விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இரண்டாவதை ஒழுங்காக எழுத வராது.

ஆகஸ்டில் உங்கள் சுகாதாரத் துறையில் மார்பகப் பரிசோதனை வண்டியோடு உன்னை மூன்று மாதம் அஞ்செட்டிப் பக்கம் அனுப்பினார்கள். நல்ல வேலை, போய்ச் செய் என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவன் நான்தான். முதல் வாரம் போனில் நீ சொன்னதெல்லாம் மழை, அட்டைப்பூச்சி, களி. இரண்டாவது வாரத்திலிருந்து தினேஷ் என்றால் தினேஷ்தான். தினேஷ் கொய்யாப்பழம் பறித்துக் கொடுத்தான். தினேஷுக்குக் கன்னடமும் தெலுங்கும் சரளமாக வருகிறது, அதனால் பெண்கள் தயங்காமல் பேசுகிறார்கள். இருபது வருஷம் ஓசூரில் இருந்தும் எனக்குக் கன்னடத்தில் ஊட்டா ஆய்த்தா, அதாவது சாப்பிட்டாச்சா என்று கேட்கத்தான் தெரியும். அதைக் குத்திக் காட்டத்தான் சொன்னாயோ என்னவோ. நீ அனுப்பிய போட்டோவில் ஏழு பேர் நிற்கிறீர்கள். நீ அவன் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாய். பெரிதாக்கிப் பார்த்தேன். அவனுக்குத் தலை நிறைய முடி இருக்கிறது.

அவன் மேல் மட்டும்தான் எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதே. சென்னம்மா மேலும் உண்டு. பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று அந்த அம்மா பிடிவாதம் பிடித்ததும், நீ மூன்று நாள் அவளுடைய ராகிக் காட்டுக்கே போய், கூடவே களை பிடுங்கிக்கொண்டு பேசினாயாம். எம் புருசனே வெளிச்சத்துல பாத்ததில்ல, டாக்டரு எதுக்குப் பாக்கணும்னு அவள் கேட்டதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒரு சென்னம்மாவுக்கு மூன்று நாள். நான் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிஷம், வைக்கட்டுமாங்க, கூப்பிடுறாங்க என்கிறாய்.

ஆனால் என்னை நிஜமாகவே எரிய வைத்தது செப்டம்பரில் நீ சொன்ன கதை. ஆம்பளைகளுக்கும் மார்பில் புற்றுநோய் வரும், குறைவுதான், ஆனால் வரும் என்று நீ கூட்டத்தில் சொன்னதும், புளியமரத்தடியில் நின்ற ஆண்கள் சிரித்தார்களாம். உடனே இந்தத் தினேஷ்குமார் சட்டைப் பட்டனைக் கழற்றி, மூன்று விரலை வைத்து வட்டமாக அழுத்தி, காம்பைச் சுற்றி, அக்குள் வரை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் செய்து காட்டினானாம். வெட்கப்படாத ஆம்பளையை இன்னைக்குத்தாங்க பார்த்தேன் என்று சொன்னாய். உன் குரலில் அப்படியொரு சந்தோஷம். அப்படியானால் பதினாறு வருஷமாக நீ யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?

அன்று சாயங்காலமே பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டேன். அவனுக்கு மட்டும்தான் நெஞ்சு இருக்கிறதா என்ற கோபம்தான், வேறு காரணம் இல்லை. வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது காம்புக்குக் கீழே விரல் நின்றுவிட்டது. ஒரு மொச்சைக்கொட்டை அளவு. கெட்டியாக இருந்தது. வலி இல்லை. அழுத்தினால் நகரவும் இல்லை.

இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். திட்டாமல் படி. என் வேலை உனக்குத் தெரியும். குவாலிட்டி டேபிளில் உட்கார்ந்து பீஸ் அளக்கிறவன். சந்தேகமான பீஸ் வந்தால் மஞ்சள் டேக் கட்டி ஓரமாக வைப்போம். மறுபடி அளப்போம். வரம்புக்குள் இருந்தால் பாஸ். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. கம்பெனியிலிருந்து பழைய வெர்னியர் அளவுகோல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, ஞாயிறுதோறும் குளிக்கும்போது கட்டியை அளந்து காலண்டரில் குறித்தேன். முதலில் பதினொன்று. அடுத்த ஞாயிறும் பதினொன்று. பிறகு பதினொன்றரை. அரை மில்லிமீட்டர் கை நடுக்கத்தில் வருவதுதான் என்று எனக்கு நானே பாஸ் போட்டுக்கொண்டேன். சுவேதா வெர்னியரைப் பார்த்துவிட்டு, என்னப்பா, பாத்ரூம்ல பைப்ப அளக்குறீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று பன்னிரண்டு. அப்போதுதான் முழுதாக உறைத்தது. பீஸுக்கு டிராயிங் உண்டு, எவ்வளவு வரை போகலாம் என்று அதில் எழுதியிருக்கும். இதற்கு யாரும் எனக்கு டிராயிங் கொடுக்கவில்லை. நான் பாட்டுக்கு ஆறு வாரம் அளந்துகொண்டிருந்திருக்கிறேன். கண்ணாடியில் பார்த்தால் காம்பு கொஞ்சம் உள்ளே இழுத்தாற்போல் இருக்கிறது. அது எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பெனியிலும் இந்த மாத ஆரம்பத்தில் மார்பகப் பரிசோதனை முகாம் நடந்தது. கேன்டீன் பக்கத்தில் ரோஸ் கலரில் பந்தல். இந்தத் தடவை கான்ட்ராக்ட் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள், அது நல்ல காரியம். ஆனால் பெண் தொழிலாளர்களுக்கு மட்டும் என்று வாசலில் போர்டு. நான் அந்தப் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். லைனில் என் பக்கத்தில் வேலை பார்க்கிற மாதேஷ் பார்த்துவிட்டான். ஏன் சாமி, வீட்டம்மா ஊர்ல இல்லைன்னா பொம்பளைங்க டென்ட்டுக்கிட்டதான் நிக்கணுமா என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் முன்னால் சிரித்தவன் நான். மேஜையில் இருந்த பெண் யாருக்கு சார் என்று கேட்டாள். என் மனைவிக்கு என்று சொல்லி ஒரு நோட்டீஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் தினேஷ்குமாராக இருந்தால் உள்ளே போயிருப்பான். அதை நினைத்து நினைத்து அன்று முழுக்க எனக்கு ஆறவில்லை.

தீபாவளிக்கு நீ வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எப்படி ஆரம்பிப்பது என்று கூட யோசித்து வைத்திருந்தேன். நீயோ அவன் வண்டியில் வந்து தெருமுனையில் இறங்கினாய். அவன் சுவேதாவுக்கு ஒரு மத்தாப்புப் பெட்டியைக் கொடுத்தான். இவள் பல்லைக் காட்டிக்கொண்டு தேங்க்ஸ் மாமா என்றாள். மாமாவாம்! அதற்கப்புறம் என் வாயிலிருந்து வந்ததெல்லாம் உனக்குத் தெரியும். அதை இங்கே எழுத எனக்கு அசிங்கமாக இருக்கிறது. நீ மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்துப் போய்விட்டாய். கட்டி விஷயம் என் வாயோடு நின்றுவிட்டது. அந்தப் பேச்சு அத்தனையும் தப்பு. உன்மேல் ஒரு குறையும் இல்லை. அவன்மேலும் இல்லை, இதை எழுதக் கை வரவில்லை என்றாலும் எழுதுகிறேன்.

உன்னிடம் மறைத்தது இன்னொன்றும் இருக்கிறது. என் அக்காவுக்கு மதுரையில் ஆபரேஷன் நடந்தபோது கர்ப்பப்பை என்று உன்னிடம் சொன்னோம். கர்ப்பப்பை இல்லை, மார்பு. வெளியே தெரிந்தால் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் அமையாது என்று அத்தான் சொன்னார், நானும் தலையாட்டினேன். ரத்த சொந்தத்தில் யாருக்காவது இருந்தால் மற்றவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீ மலையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாய். உன் வீட்டுக்குள்ளேயே நான் மூடி வைத்திருந்தேன். நமக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு நாள் இது தெரிய வேண்டும், அதை நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

போன வியாழக்கிழமை லீவு போட்டேன். தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடலாம் என்று கிளம்பி, அங்கே உள்ளே வரைக்கும் போனேன். மார்பகப் பிரிவு என்று போட்டிருந்த அம்புக்குறிக்குக் கீழே முழுக்கப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா நகர்ந்து எனக்கு இடம் கூடக் கொடுத்தது, பேஷண்டுக்குத் துணைக்கு வந்தவன் என்று நினைத்திருக்கும். யாருக்காக வந்திருக்கீங்க என்று கேட்டுவிடுமோ என்று பயந்து திரும்பி வந்துவிட்டேன். கட்டியெல்லாம் புற்றுநோய் இல்லை, ஆனால் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நீ சொல்வாயே, அதையே எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். நீ சொன்னால் ஊரே நம்புகிறது. நான் சொன்னால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அதனால் இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வா, ஜோதி. பஸ்ஸுக்காகக் காத்திருக்காதே, நேரம் போய்விடும். வண்டியிலேயே வா. அவன்தான் ஓட்டுவான் என்றால் ஓட்டட்டும். நம் வீட்டு வாசலிலேயே நிறுத்தட்டும். உள்ளே வரச் சொல், நானே காபி போட்டுக் கொடுக்கிறேன். அவனிடம் எனக்கு ஒன்று கேட்க வேண்டும். அத்தனை ஆம்பளைகள் சிரித்துக்கொண்டு நிற்கும்போது அவனுக்குக் கொஞ்சமாவது பயம் வந்ததா என்று கேட்க வேண்டும். வந்தது என்று அவன் சொன்னால் எனக்குப் போதும்.

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போ. அந்தப் பெஞ்சில் அத்தனை பெண்களுக்கு நடுவில் நான் ஒருவன்தான் ஆம்பளையாக உட்கார்ந்திருப்பேன். நர்ஸ் என் பெயரைக் கூப்பிடும் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டிரு. பதினாறு வருஷத்தில் நாலு பேர் முன்னால் நான் உன் கையைப் பிடித்ததில்லை. யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
வெள்ளைச்சாமி