சமக்குறி இல்லாத கால்குலேட்டர்

நெய்வேலி,
ஞாயிற்றுக்கிழமை

மகள் வினோலியாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகம். அப்பா சுகம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, இருந்தாலும் சுகம்தான். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்த டொராண்டோ குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். போனில் பேசினால் நீ பாதியில் அழுவாய், எனக்கும் மனசு இளகிவிடும், அதனால்தான் கடிதம்.

மே மாதம் வந்தபோது அப்பாவுக்குப் புது கால்குலேட்டர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, பதினேழையும் இருபத்தைந்தையும் கூட்டச் சொன்னாய். அவர் பதினேழு, சமக்குறி, இருபத்தைந்து, கூட்டல் என்று அழுத்திவிட்டுக் காத்திருந்தார், இருபத்தைந்தே நின்றது. மறுபடியும் அதையே செய்தார். வாயால் நாற்பத்திரண்டு என்றுகூடச் சொன்னார், நீ காதில் வாங்கவில்லை. மறுநாளே கடலூர் டாக்டர், மறதிக்கு மாத்திரை, புதுச்சேரி முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பம். மைன்ஸ் சர்வே செக்‌ஷனில் முப்பத்தாறு வருஷம் கணக்குப் போட்ட மனுஷனுக்கு மூளை போய்விட்டது என்று அரை மணியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாய். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வாரம் அவரோடு வேலை பார்த்த சைமன்ராஜ் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் பீரோவிலிருந்து அப்பாவின் பழைய கால்குலேட்டரை எடுக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் ஜெர்மன் இன்ஜினீயர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது, சிவப்பாக எண்கள் எரியும், சட்டைப் பையில் அடங்கும். சைன், காஸ், லாக், வர்க்கமூலம் எல்லாம் உண்டு. நான்கு எண்களைத் தட்டு அடுக்கின மாதிரி வைத்துக்கொள்ளுமாம். லாக் புத்தகத்தைப் புரட்டி அரை நாள் போடும் சரிவுக் கணக்கு பத்து நிமிஷத்தில் முடியுமாம். சைமன்ராஜ் சிரித்துக்கொண்டே, "அண்ணி, இதுல சமக்குறி பட்டனே கெடையாதுங்க. மொத நம்பரப் போட்டுப் பெரிய பட்டன அமுக்கணும், ரெண்டாவதப் போட்டு அப்பறந்தான் கூட்டல். அண்ணன் வருசக்கணக்கா இதுலதான் போட்டுகினு இருந்தாரு, புதுசுல அந்தப் பெரிய பட்டனுக்குப் பதிலா சமக்குறிய அமுக்கியிருக்காரு, கை அப்பிடித்தான போவும்" என்றார். நான் சிரிக்கவில்லை. வேறு டாக்டரிடம் காட்டினேன், மறதியும் இல்லை மாத்திரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் இதைச் சொல்லியும் உன் அப்பா அந்தக் கால்குலேட்டரைத் தொடவில்லை. பால்காரர் கணக்கைக்கூட என்னிடம் நீட்டி, சரியா பாரு லூசி என்கிறார். நேற்று நீ விட்டுப்போன அந்த முதியோர் இல்ல விண்ணப்பத்தைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "படிச்ச புள்ள பாத்துட்டுத்தான சொல்லுது, எனக்குத்தான் தெரியல போல" என்றார். கிழித்துப் போட்டேன்.

புதன்கிழமை மறக்காமல் போன் செய். எடுத்ததும் அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல். நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன் அப்பா என்று உன் வாயால் சொல். நான் சொன்னதை அவர் நம்பவில்லை, நீ சொன்னதைத்தான் நம்பினார். அதுவரை என்னோடு பேசாதே. ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும், இந்தக் கோபத்திலும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. லூசியம்மாள்