விடுதிச் சாப்பாட்டு மேசையில் சொன்ன தேதி

கம்பாலா,
17 மார்ச் 2016, வியாழன்.

அன்புள்ள நம்போசோவுக்கு,

உன் கணவன் நலமே. உன் முழங்கால் வலி தணிந்ததா?

15ஆம் தேதி நடக்கவிருந்த சட்டத் தேர்வை 14ஆம் தேதியே நடத்தி முடித்துவிட்டார்கள். நான் மறுநாள் சென்று, பூட்டிய கதவைப் பார்த்தேன். மாற்றத்தை 12ஆம் தேதி மாணவர் விடுதிச் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார்களாம். வெளியே அறையெடுத்துத் தங்கும் எங்கள் பெயர்களும் அவ்விடுதிப் பதிவேட்டில் உண்டு. அங்கே எங்களுக்குத் தட்டுதான் இல்லை.

வகுப்புத் தலைவன் டும்வினேயிடம் கேட்டேன்.

“எல்லார் முன்னாடியும்தானே சொன்னேன், தாத்தா!”

“எல்லாரும்னா யாருப்பா?”

“சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்கதான்,” என்று சிரித்தான். “உங்களுக்கு என்ன அவசரம்? பேரனோட சேர்ந்து பட்டம் வாங்கிக்கலாம்.”

கவலைப்படாதே. அப்பாடத்தை அடுத்த ஆண்டு மறுபடி படித்து எழுத வேண்டும், அவ்வளவே.

பழுப்புக் கம்பளிச் சட்டையும் நம் தோட்டத்துக் காப்பித்தூளும் அனுப்பு. கோப்பை வேண்டாம், சென்ற முறை அனுப்பிய இரண்டில் ஒன்றை வெளியே எடுக்க, என் அறைக்கு இன்னும் யாரும் வரவில்லை.

நம்மூர் ம்பாலேவுக்குப் போகும் பேருந்து புறப்படுகிறது. ஓட்டுநர் கடிதத்துக்குக் கை நீட்டுகிறார். நம் வீட்டுச் சுவர் நாட்காட்டியில் என் பட்டமளிப்புக்காக நவம்பர் 25ஐச் சிவப்பில் வட்டமிட்டிருந்தேன். அதை நீயே அடித்துவிடு.

உன்,
வமிம்பி