பென்சில் அர்த்தம்

1959 ஜனவரி 12, திங்கள். திருப்பாலைக்குடி.

வாடைக்காற்று நிற்கவில்லை. பொங்கல் லீவு. லீவா இது? இங்கிலீஷ் சார் கொடுத்த கப்பல் கதை, 112 பக்கம். மதுரைக்குத் திரும்பிய மறுநாள் அதில் பரீட்சை. தேறாதவனுக்கு செலக்ஷன் இல்லை, யூனிவர்சிட்டி பரீட்சை எழுத முடியாது. பி.யு.சி. போச்சு. அப்புறம் அப்பனும் மகனுமாய் அத்தா தோணியில் ஏற வேண்டியதுதான்.

சாருக்குத் திமிர். "டிக்ஷனரியத் தொடாதீங்க. முன்னபின்ன வரியப் பாத்து அர்த்தத்த ஊகிங்க." ஊகிக்க நான் என்ன குறி சொல்கிறவனா. எனக்கு எட்டாவது வரை இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவரே ஊகித்துத்தான் சொல்லிக்கொடுத்தார்.

இன்றைய வார்த்தைகள்: ரிலக்டன்ட், பெரில், ஹேஸ்ட், ஷோல். பத்து வேண்டும். நாலோடு மூடிவிட்டேன்.

ஜன. 13

புத்தகம் ஹாஸ்டல் அறைத்தோழன் கதிரேசனுடையது (இனி க.). திருவாடானைப் பக்கம், நெல்லும் வயலுமான வீடு. அவன் அண்ணன் படித்த புத்தகம். வரிக்கு வரி மேலே பென்சிலில் தமிழ் அர்த்தம். வகுப்பில் பாதிப் பேர் இதைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டார்கள்.

என்னிடம் கொடுக்கும்போது க. சொன்னது: "மீன் கையோட தொடாதலே." எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பில் நான் எழுந்து வாசித்தாலும் முதல் சிரிப்பு அவனுடையதுதான். அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். வெட்கம் கெட்டவன் நான்.

ஜன. 15

தூறல். பக்கம் 70. சிக்கல்.

ஒரு கப்பல், சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிறது. மணல்திட்டில் தட்டுகிறது. பயந்துபோய் பாலஸ்டைத் தூக்கிக் கடலில் எறிகிறார்கள். கப்பல் மிதக்கிறது. அடுத்த காற்றில் கவிழ்கிறது. பாலஸ்டுக்கு மேலே பென்சிலில்: விலையுயர்ந்த சரக்கு. ஓரத்தில்: வீணாக்கியதற்குக் கடவுள் தண்டனை.

சரக்கு இறக்கியாயிற்று என்று முந்தின பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு ஏது சரக்கு? அதை எறிந்தால் கப்பல் ஏன் கவிழ வேண்டும்?

மூன்று தடவை படித்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் கரையில் கற்குவியல், அத்தா தோணியிலிருந்து இறக்கிப் போட்டது. கொழும்பிலிருந்து வெறுந்தோணியாக வந்தால் அடியில் கல் ஏற்றித்தான் வருவார்கள். கல் இல்லாவிட்டால் காற்றுக்கு நிற்காது. பாலஸ்ட் இந்தக் கல்தான். இந்த ஊரில் அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். க.வின் அண்ணனுக்குத் தெரியாது, பாவம்.

இங்கிலீஷ் படித்துச் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. சார் சொன்ன ஊகம் இதுதான் போலிருக்கிறது. அந்த ஆளுக்கு இந்தப் பெருமையைக் கொடுக்க மனசில்லை.

ஜன. 17, சனி

க. பஸ்ஸில் வந்தான், புத்தகத்தை வாங்கிப்போக. மூக்கைச் சுளித்தபடியே வந்தான். அம்மா வைத்த பணியாரத்தைத் தொடவில்லை. டீ மட்டும். அத்தாவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும், கடற்கரைக்குக் கூட்டிப்போனார். நான் பின்னால்.

"இந்தக் கல்லு என்னத்துக்கு?" என்று க. கேட்டான்.

"சரக்கில்லாம வந்தா தோணி லேசாயிரும் தம்பி. காத்து ஒரு தட்டு தட்டுனா குப்புறக் கவுத்திரும். அதுக்குத்தான் அடியில கல்லு."

க. ஒரு கல்லைத் தூக்கி எடை பார்த்தான். அத்தா முன்னால் போனதும் பக்கம் 70ஐப் பிரித்துக் காட்டினான். "ஏலே, கப்பல்லேருந்து தூக்கி எறியிறது இந்தக் கல்லுதானா? அண்ணன் சரக்குன்னுல்ல எழுதிருக்கு."

"அது வேற. அம்புட்டுப் பெரிய கப்பல்ல கல்லு எங்கன இருக்கு? ஒங்க அண்ணன் எழுதுனதுதான் சரி."

வாய் தவறிச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். மீன் கை.

அத்தா பஸ் ஏற்றிவிட்டார். "பாஸாயிட்டு வாங்க தம்பி, தோணியில ஒரு சுத்து போயிட்டு வருவம்." க. சிரித்தான். கேலி இல்லாத சிரிப்பு. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜன. 20, செவ்வாய். மதுரை.

பரீட்சை. நாலாவது கேள்வி: கப்பல் ஏன் கவிழ்ந்தது? ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முன் பெஞ்சில் க. பேனாவைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

கையைக் கழுவிக் கழுவிச் சோப்பு தீர்ந்துவிட்டது.

ஜன. 23, வெள்ளி

சார் தாள்கட்டை மேஜையில் போட்டார். பதினோரு பேர் ஒரே பதில்: விலையுயர்ந்த சரக்கை வீணாக்கியதற்குக் கடவுள் கொடுத்த தண்டனை.

"யார் நோட்ஸ் இது?"

க. எழுந்தான். "எங்க அண்ணன் புத்தகம் சார். நாந்தான் எல்லாருக்கும் குடுத்தேன்."

பத்துப் பேருக்கு மறுபரீட்சை. அவனுக்கு செலக்ஷன் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாமாம். என் தாளைச் சார் வாசித்துக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. இத்தனை மாசமும் இதற்குத்தான் ஏங்கினேன். தாளை வாங்கப் போனபோது க. பக்கம் பார்க்கவில்லை.

ஜன. 24

க. பெட்டி கட்டினான். நான் கட்டிலில்.

"ஒங்க அத்தா சொன்னதும் எனக்குப் பொறி தட்டுச்சுலே. பரிச்சையில கல்லுன்னு எழுதத்தான் போனேன்." பெட்டியைப் பூட்டினான். "தோணிக்காரர் மகனே இல்லைங்கிறான், நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்."

அடித்திருக்கலாம் அவன். புத்தகத்தை என் கட்டிலில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனான்.

அத்தாவுக்குக் கார்டு எழுதினேன்: எனக்கு செலக்ஷன் ஆகிவிட்டது. கதிரேசனுக்கும்.