ஒரே சகனில் உன் மருத்துவரும் நானும்

நண்பா,

இன்று திங்கட்கிழமை. நேற்று மாமல்லபுரத்தில் உன் இளைய மகனின் திருமணத்தில் உண்ட நெய்ச்சோற்றின் வாசம், சோப்பிட்டுக் கழுவிய பின்னும் என் வலக்கை விரல்களை விட்டுப் போகவில்லை. காலையில் காப்பித் தம்ளரை வாயருகே கொண்டுபோனபோது முதலில் வந்தது காப்பியின் மணமன்று; கிராம்பும் நெய்யும் ஆட்டுக்கறியும் கலந்த அந்த மணந்தான். உன்னிடம் ஒரு செய்தியைச் சொல்லாமல் இந்தக் கையை மறுபடியும் கழுவ எனக்கு மனமில்லை.

நேற்று என்னை உன் மருத்துவரோடு ஒரே சகனில் உட்கார வைத்துவிட்டார்கள்.

உன் மூத்த மகன் செய்த வேலை. மண்டபத்து வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, டாக்டர் சார் தனியா வந்துகீறாரு. அவருக்கு இங்க யாரையும் தெரியாது. நீங்களும் அவரும் ஒண்ணா உக்காந்துக்கோங்க," என்றான். திருமண வீட்டில் அதை மறுக்க எனக்கு வாயில்லை. நான் அவரை எவ்வளவு காலமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். உன் மகனுக்குத் தெரியாது.

செங்கல்பட்டு பஜாரில் உன் செருப்புக் கடையில் நமக்கிருந்த வழக்கத்தை எண்ணிப் பார். கல்பாக்கத்து அலுவலகப் பேருந்து என்னை இறக்கிவிட்டதும் நேராக உன் கடைக்குத்தான் வருவேன். ஓய்வு பெற்ற பிறகும் அதே நேரத்துக்கு வந்தேன். தேநீரும் ஒரு பொட்டலம் வெங்காயச் சமோசாவும். எனக்கு ஒன்று, மிச்சமெல்லாம் உனக்கு. "இன்னா பஞ்சாங்கம், இன்னிக்கு இன்னா விசேசம்?" என்று கேட்பாய். தவறான தேதி சொல்பவர் எவரையும் திருத்தாமல் விடமாட்டேன் என்பதற்காகப் பள்ளிப் பருவத்தில் நீ எனக்கு இட்ட பெயர் அது. உன்னைத் தவிர வேறெவரும் என்னை அப்படி அழைத்ததில்லை.

சகன் என்றால் நால்வர் தரையில் சுற்றி அமர்ந்து ஒரே பெருந்தட்டில் உண்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நீதான். உன் நிக்காஹ் தொடங்கி எத்தனையோ சகன்களில் நாம் எதிரெதிரே அமர்ந்திருக்கிறோம். நீ ஊர்க்கதை பேசிக்கொண்டே உண்பாய்; பேச்சின் நடுவே உன் விரல்கள் நல்லி எலும்பைத் தேடியெடுத்து என் பக்கம் தள்ளிவிடும். நான் ஒல்லியாயிருந்தது உனக்குத் தீராத மனக்குறை.

பிறகு உன் உடல் நூற்று முப்பது கிலோவைத் தாண்டியது. முழங்கால்கள் மடங்க மறுத்தன. திருமணங்களில் உனக்கென்று தனியே மேசையும் நாற்காலியும் போட்டார்கள். நீ போவதையே குறைத்துக்கொண்டாய். "டேபிள்ல உக்காந்து துன்னா அது கல்யாணம் இல்லடா, ஓட்டலு," என்றாய். நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை செய்துகொள்ளப் போவதாக நீ அறிவித்தபோது, சர்க்கரைக்காக என்றாய். நம்பினேன். நாவலூர்ப் பக்கத்து மருத்துவமனைக்கு நாம் முதலில் சென்றது பிப்ரவரி இருபத்து நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குள் திரும்பிவிட வேண்டுமென்று நீ ஓட்டுநரை விரட்டியதால் கிழமையில் எனக்கு ஐயமில்லை.

அந்த அறுவை மருத்துவர் மேசைக்குப் பின்னாலிருந்து பேசவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு உன் முழங்காலை ஒட்டி வந்து அமர்ந்தார். ஒரு தாளின் பின்புறத்தில் இரைப்பையை வரைந்து, முக்கால் பங்கை நீக்கிவிட்டால் வாழைப்பழம் போல ஒரு குழாய் மிஞ்சும் என்று காட்டினார். நீ பள்ளிக்கூடத்தில்கூட அத்தனை கவனமாக ஒரு படத்தைப் பார்த்ததில்லை. சமோசாவைக் குறை என்று நான் ஆண்டுக்கணக்காகச் சொன்னபோதெல்லாம் சிரித்தவன், அவர் அறவே நிறுத்துங்கள் என்றதும் தலையாட்டினாய். அந்த நொடியில் தொடங்கியது என் எரிச்சல். அதற்கு வேறு கௌரவமான பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அறுவை நடந்தது ஜூன் பன்னிரண்டு, திங்கட்கிழமை. செவ்வாய் என்று நீ எல்லோரிடமும் சொல்லித் திரிந்தது தவறு. அதற்கு முன்பே, கல்லீரல் சுருங்க வேண்டுமென்று, உன்னை வெறும் நீராகாரத்தில் வைத்துவிட்டார்கள். கடையில் நீ சின்னஞ்சிறு தம்ளரில் புரதப் பொடிக் கரைசலை உறிஞ்ச, எதிரே நான் ஒற்றைச் சமோசாவைத் தின்றேன். கூட்டாளி இல்லாத சமோசாவுக்கு உப்பு ஏறுவதில்லை.

அதன் பின் உன் பேச்சில் வாக்கியத்துக்கு ஒரு முறை "டாக்டர் சொல்லிகீறாரு" வந்தது. சோற்றோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, டாக்டர் சொல்லிகீறாரு. முதலில் முட்டை, அப்புறந்தான் சோறு, டாக்டர் சொல்லிகீறாரு. அவருடன் பணிபுரிந்த இளைய பெண் மருத்துவரைப் போல நடித்தும் காட்டுவாய்: "பாய், பொறுமையா மெல்லுங்க. பஸ் ஒண்ணும் கிளம்பிடாது." நன்றாகத்தான் நடித்தாய். நான் சிரிக்கவில்லை.

மாதந்தோறும் மூன்றாம் சனிக்கிழமை நடந்த நோயாளிகள் கூட்டத்துக்கும் என்னை இழுத்துச் சென்றாய். அறுவை செய்துகொண்டவர்களும் செய்துகொள்ளப் போகிறவர்களும் வட்டமாக அமர்ந்து பேசுவார்கள். கருங்குழியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எப்ப சார் பண்ணாங்க? சூப்பரா எறங்கிகீது," என்றார்.

எனக்கு அறுவை எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீ குறுக்கிட்டாய். "அவனுக்கு ஆண்டவனே பண்ணி அனுப்சிட்டான் அண்ணாத்த."

அறையே சிரித்தது. உன் மருத்துவரும் சிரித்தார். கருங்குழிக்காரர் உடனே என்னை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வட்டத்தில் எல்லோருக்கும் சொல்வதற்கு ஒரு கதை இருந்தது. எனக்கு இருந்தது ஒரு நாற்காலி மட்டுமே. நீ எழுந்து நின்று உன் பழைய காற்சட்டையைக் காட்டியபோது கைதட்டினார்கள். கொளவாய் ஏரிக்கரையில் முன்பு நான் உனக்காக நின்று நின்று நடப்பேன். அந்த ஆண்டு முடிவதற்குள் நீ எனக்காக நிற்கத் தொடங்கினாய். "வாடா, மெதுவா வா, அவசரமில்ல." அந்தப் பரிவை என்னால் பொறுக்க முடியவில்லை.

மறு ஆண்டு ஜனவரி இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, உன் மூத்த மகள் வழிப் பேத்தியின் திருமணம். நீ கால்களை மடக்கித் தரையில் அமர்ந்தாய். வலப்புறம் உன் மருத்துவர், எதிரே நான். நாலு கவளத்தோடு உன் உணவு முடிந்தது. ஆனால் நீ எழுந்திருக்கவில்லை. தட்டின் விளிம்பில் விரல்களை வைத்துக்கொண்டு, கறித் துண்டுகளை ஒவ்வொன்றாக என் பக்கம் ஒதுக்கினாய். வழக்கம் போல நல்லியும் வந்தது. உன் மருத்துவர் அதைப் பார்த்துப் பார்த்துப் புன்னகைத்தார். எவ்வளவு குறைவாக உண்கிறாய் என்பதை அவருக்குக் காட்டுகிறாய், மிச்சத்தைக் கொட்ட என் பக்கம் இருக்கிறது, அவ்வளவே என்று நான் முடிவு கட்டினேன். வீடு திரும்பும் வழியெல்லாம் வயிறெரிந்தது.

அவ்வாண்டு நவம்பர் மழையில் வந்த காய்ச்சல் உன் நுரையீரலில் இறங்கியது. அதற்கும் அறுவைக்கும் தொடர்பில்லை. எவர் மீது எரிச்சல் இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அடக்கத்தன்று அந்த மருத்துவர் வந்திருந்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள். நான் மழையில் நின்றேன்.

இனி, நேற்று நடந்தது.

மண்டபத்தின் கடல் பக்கத்துச் சன்னல்கள் திறந்திருந்தன. விரிப்பின் ஓரம் காற்றில் மடிந்து மடிந்து விழுந்தது. இரு குடும்பத்தாரும் பரிமாறுவதில் அலைந்துகொண்டிருக்க, எங்கள் சகனில் நாங்கள் இருவர் மட்டுமே. பேச்சுக்காக அவர் தொடங்கினார்.

"பாய் மொத மொத என்கிட்ட வந்தது ஜனவரி மாசம் சார்."

"பிப்ரவரி இருபத்து நாலு," என்றேன். "வெள்ளிக்கிழமை. நானும் கூட வந்திருந்தேன்."

"அது ரெண்டாவது தடவை. பொங்கல் முடிஞ்ச கையோட தனியா வந்தாரு."

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. உன் வாழ்வில் நான் அறியாத ஒரு நாள் இருந்திருக்கிறது. அது இவரிடம் இருக்கிறது.

அவர் கவனிக்காமல் தொடர்ந்தார். "எதுக்காக எடையைக் குறைக்கணும்னு எல்லார்கிட்டயும் கேப்பேன் சார். சுகர்னு சொல்வாங்க, முட்டின்னு சொல்வாங்க. பாய் ஒருத்தர்தான், 'எனக்கு ஒரு கூட்டாளி கீறான் டாக்டர், ஒல்லிப்பிச்சான். அவன் எதிர்ல கீழ உக்காந்து ஒரே சகன்ல துன்னணும். அத்த மட்டும் பண்ணிக் குடுங்க'ன்னாரு. அப்பறம் பெருசா சாப்பிட முடியாதே பாய்னு சொன்னேன். 'நான் துன்னாட்டி இன்னா, அவன் துன்னுவான் இல்ல'ன்னு சிரிச்சாரு. அந்தப் பேத்தி கல்யாணத்துல பாய்க்கு எதிர்ல நீங்க உக்காந்ததப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவருதான்னு."

நான் சன்னல் பக்கம் பார்த்தேன். கடல் தெரியவில்லை, அதன் சத்தம் மட்டும் வந்தது.

"எந்தத் தேதின்னு ஃபைல்ல இருக்கும் சார். வேணும்னா பாத்துச் சொல்றேன்."

"வேண்டாம்," என்றேன். தேதி ஒன்றை நான் வேண்டாமென்றது என் நினைவில் அதுவே முதல் முறை.

இந்த இடத்தில் என் மனம் அமைதியுற்றது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். பொறாமை குறையவில்லை, நண்பா, கூடிற்று. இத்தனை ஆண்டுகள் அந்தக் கடையில் உன் எதிரில் அமர்ந்திருந்தவன் நான். அந்தச் சொற்களை என்னிடம் சொல்லாமல், நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்ட ஒருவரிடம் போய்ச் சொன்னாய். என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். ஜனவரியில் எந்த நாள் என்று கேட்டிருப்பேன். நீ சொல்லாததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

அவர் கூச்சத்தோடு ஓரத்துச் சோற்றை மட்டும் அளைந்துகொண்டிருந்தார். என் விரல்கள் என்னைக் கேட்காமலே தட்டின் நடுவுக்குப் போயின. நல்ல கறித் துண்டுகளாகப் பார்த்து இரண்டை அவர் பக்கம் தள்ளின. "சாப்பிடுங்க டாக்டர்," என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உன் பேத்தியின் திருமணத்தில் பார்த்தாரே, அதே புன்னகை.

உன் பழக்கம் என் கைக்கு வந்துவிட்டது. இனி எந்தச் சகனில் அமர்ந்தாலும் அது என்னோடு இருக்கும்.

நல்லியை மட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை. அது என் பக்கமே இருந்தது.