ஐந்து மணிக்குச் சாத்திய கதவு

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையின் ஸ்தோத்திரம். அண்ணியின் முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? நீங்கள் எழுதவே மாட்டீர்கள், நானேதான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை அப்படியேதான் இருக்கிறார். பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. பேச்சு திரும்பவில்லை, இடது கை மட்டும் அசைகிறது. கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று அவருடைய பழைய சைக்கிள் மணியைக் கழற்றிக் கட்டில் சட்டத்தில் முடுக்கிவிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல! இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், ஹாரன் அடிக்காமல் இருப்பாரா? தலையணை நகர்ந்தால் ட்ரிங். ஈ உட்கார்ந்தால் ட்ரிங். நான் கண்ணில் படாவிட்டாலும் ட்ரிங்.

விடிகாலை ஐந்து மணிக்கு முழங்கால் போடுகிறேன். ‘ஆண்டவரே’ என்று ஆரம்பித்ததும், தைத்துக் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடை ஞாபகம் வருகிறது. அதைத் தள்ளினால் மணி. நீங்கள் போதகர், உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் ஜெபித்து எட்டு மாதமாகிறது, அண்ணா. உதடுதான் அசைகிறது. கர்த்தர் கூட இல்லாமல் இந்தப் பாரத்தை என்னால் சுமக்க முடியாது. ஒரு வழி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊசி

ஜனவரி 19

என் ஊசிக்கு,

உன் வாய்க்குச் சரியான பேர்தான் வைத்திருக்கிறேன். படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

மாப்பிள்ளைமேல் எனக்குப் பிரியம் இல்லையென்று நினைக்காதே. இருபத்து மூன்று மணி நேரத்தை அவருக்குக் கொடு, ஒரு மணி நேரத்தைத் தேவனுக்குக் கொடு. தையல் அறைக்குள் போ. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடு. மணி அடித்தால் அடிக்கட்டும், எழுந்திருக்காதே. நம் கவனத்தைக் கலைப்பது சத்துருவாகிய சாத்தானின் வேலை. அதற்கு அவன் நமக்குப் பிரியமானவர்களைத்தான் பிடிப்பான். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

அண்ணிக்கு முட்டுவலி அப்படியேதான்.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

முதல் நாள் ஏழு தடவை அடித்தார். தையல் மிஷின் காலைப் பிடித்துக்கொண்டு எழாமல் இருந்தேன். ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால், போர்வை நழுவியிருந்தது, அவ்வளவுதான். “ஒரு மணி நேரம் பொறுத்துக்கக் கூடாதா? உங்களுக்காகத்தானே ஆண்டவர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்” என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

இப்போதெல்லாம் இரண்டு தடவை அடித்துவிட்டு விட்டுவிடுகிறார். அண்ணா, நேற்று நான் ஜெபித்தேன். நிஜமாகவே ஜெபித்தேன். எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

ஊசி

பிப்ரவரி 16

என் ஊசிக்கு,

போன ஞாயிறு உன் பேரைச் சொல்லாமல் உன் சாட்சியைப் பிரசங்கத்தில் சொன்னேன். சபையே கண்கலங்கியது. படுக்கையில் நோயாளி இருக்கிற மூன்று வீட்டார் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார்கள். இனி தாங்களும் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். உன் கட்டில் மணி எத்தனை பேரை முழங்காலில் நிறுத்தியிருக்கிறது, பார்த்தாயா!

அண்ணன்

ஏப்ரல் 3

அண்ணா,

அடக்கத்தில் நீங்கள் பேசியதை எல்லாரும் மெச்சுகிறார்கள். ஜெபத்தின் சத்தத்தில் சமாதானமாக நித்திரையடைந்தார் என்றீர்கள். இல்லை, அண்ணா. அன்றைக்கு வாய் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவர் போன அன்று விடிகாலையில் மணி நிற்கவே இல்லை. முதலில் விட்டு விட்டு அடித்தார், பிறகு விடாமல் அடித்தார். எனக்குக் கேட்டது. கேட்டும் நான் அசையவில்லையே என்று எனக்குச் சந்தோஷம். என் வாழ்நாளில் அவ்வளவு ஒருமனதாக நான் ஜெபித்ததில்லை. கண்ணீர் வழிந்தது. மணி ஓய்ந்தது. அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

ஆறு மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்தேன். வாந்தி எடுத்து, அது மூச்சை அடைத்திருந்தது. கட்டைவிரல் மணியின் மேலேயே இருந்தது. நான்தான் எடுத்துவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரம் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? அதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். அந்த மூன்று வீட்டுக் கதவையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். நான் செய்ததைச் சபையில் சொல்லுங்கள். இந்தத் தடவை என் பேரையும் சொல்லுங்கள்.

ஊசி

ஏப்ரல் 14

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

வேளையைக் குறிப்பது நாமல்ல. நீ முழங்காலில் இருக்கும்போதே கர்த்தர் அவரை எடுத்துக்கொண்டாரே, அந்தக் கிருபையைப் பார்.

சபையில் சொல்வதற்கு இது ஏற்ற காரியமல்ல. பலவீனர் இடறிப்போவார்கள், ஜெபத்தையே விட்டுவிடுவார்கள். நமக்குள்ளேயே இருக்கட்டும். நீ மறுபடி ஐந்து மணிக்கு உட்கார். கர்த்தர்மேல் மட்டும் கண்ணை வை, ஆறுதல் வரும்.

அண்ணன்

ஜூலை 2

அண்ணா,

ஏப்ரலுக்குப் பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. போனையும் நீங்கள் எடுப்பதில்லை.

மணியைக் கழற்றி உங்களுக்குப் பார்சலில் அனுப்பினேன். சொல்ல வாய் வராவிட்டால், பிரசங்க மேடையில் வைத்து ஒரு தடவை அடித்தாவது காட்டுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வாங்க மறுத்துவிட்டதாகச் சொல்லித் தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். மறுபடி கட்டிலிலேயே முடுக்கிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி ஐந்து மணிக்கு உட்காருகிறேன். கதவைச் சாத்த அவசியமே இல்லை. இப்போது என்னைக் கூப்பிட யாரும் இல்லை. முழு ஒரு மணி நேரமும் கர்த்தருக்குத்தான். அவர் ஒன்றும் சொல்வதில்லை. நானும் ஒன்றும் கேட்பதில்லை. என் காது கட்டில் இருக்கும் அறையிலேயே கிடக்கிறது.

எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம். அந்த மூன்று வீட்டு விலாசத்தையாவது அனுப்புங்கள். நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். அங்கேயும் யாரோ ஒருவர் படுத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள், அண்ணா.

என் கடிதமெல்லாம் உங்கள் கைக்கு வருகிறது என்று தெரியும். படிக்கிறீர்கள் என்றும் தெரியும். எனக்கும் அன்றைக்கு மணி கேட்டது.

ஊசி