ஷைனியின் ஜெபக் குறிப்பு

பிரேசர் டவுன்,
பெங்களூர் - 5
26.11.1995, ஞாயிறு

என் அருமைத் தம்பி கிளாரன்ஸுக்கு,

அக்கா மேபல் எழுதிக்கொள்வது. நான், உன் அத்தான், அஷ்வின் மூவரும் சுகம். நீ, சுகந்தி, ஷைனி, ஜெபின் எல்லோரும் சுகமா? ஜெபினுக்கு இளைப்பு குறைந்ததா? அந்தக் குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டுவிடு என்று போன மாதமே எழுதினேன். பதிலும் இல்லை, ஸ்வெட்டரும் போட்டிருக்க மாட்டாய்.

ஈஸ்டருக்குப் பிறகு நீ நம் சர்ச்சுக்கு வரவே இல்லை. வீட்டுப் பக்கத்திலேயே ஒரு சபைக்குப் போகிறீர்கள் என்று சுகந்தி சொன்னாள். சரிதான், இரண்டு சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஹெப்பகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி ஞாயிறுதோறும் யாரால் வர முடியும்? எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருந்தது, இரண்டு நாளில் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 2, சனிக்கிழமை கேக்குக்குப் பழம் நறுக்குகிறோம். 20ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு நமக்கு அடுப்பு தருவதாகப் பேக்கரி பாய் சொல்லிவிட்டார். போன வருஷம் மாவு டின்களுக்குக் காவல் இருக்கிறோம் என்று ஷைனியும் அஷ்வினும் அங்கே மைதா மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, தலைமுதல் கால்வரை வெள்ளையாக இறங்கி வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? இந்த வருஷமும் அந்த மூட்டை எனக்குத்தான் என்று அஷ்வின் இப்போதே அடம்பிடிக்கிறான். ஷைனி வந்தால்தான் பஞ்சாயத்து தீரும்.

என் நர்சரி வகுப்பில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பதினோரு ஆடுகள், ஒரே மேய்ப்பன். அவனும் அழுகிறான். ஷைனியை அனுப்பினால் அவளையே மேய்ப்பன் ஆக்கிவிடுவேன்.

24ஆம் தேதி காலையிலேயே எல்லோரும் வந்துவிடுங்கள். போன வருஷம் நடந்ததை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிடு.

முத்தங்களுடன்,
உன் அக்கா மேபல்


ஹெப்பகோடி
1.12.1995

கர்த்தருக்குள் பிரியமான அக்கா அவர்களுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். தங்கள் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். ஜெபினுக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கிறோம். அவனே கழற்றி வீசிவிடுகிறான்.

சொல்லத் தயங்கிய விஷயத்தை எழுதிவிடுகிறேன். நாங்கள் போகும் சபையில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. ஆண்டவர் பிறந்த தேதி வேதத்தில் எங்கும் இல்லை. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று மாதமாக நானே வாசித்து, ஜெபித்து எடுத்த முடிவு இது. இந்த வருஷம் முதல் எங்கள் வீட்டில் ஸ்டார் கட்டமாட்டோம், கேக் இல்லை, அந்தத் தேதிக்கென்று புதுத்துணியும் இல்லை. பழம் நறுக்கவும் 24ஆம் தேதிக்கும் பிள்ளைகளை அனுப்ப இயலாது. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வருகிறோம்.

ஷைனியிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். பிள்ளைகள் நான்கு நாளில் மறந்துவிடுவார்கள். தயவுசெய்து நீங்கள் எதையும் அனுப்பி அவளைக் குழப்ப வேண்டாம். உங்கள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அத்தானுக்கும் அஷ்வினுக்கும் ஸ்தோத்திரம் சொல்லவும்.

கிறிஸ்துவுக்குள்,
கிளாரன்ஸ்


பிரேசர் டவுன்
5.12.1995

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. ‘அக்கா அவர்களுக்கு’ என்று பார்த்ததும், அடுத்த வீட்டுக் கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர்தான். உனக்கு ஜட்டி மாட்டிவிட்டவள் எப்போதிலிருந்து ‘நீங்கள்’ ஆனேன்?

வேதத்தில் தேதி இல்லையாம். ஹெப்பகோடியும்தான் வேதத்தில் இல்லை, நீ அங்கே குடியிருக்கவில்லையா? அக்கா வீட்டுக்கு வரக்கூட வசனம் தேட வேண்டுமா, கிளாரன்ஸ்?

சனிக்கிழமை அஷ்வின் ஒரு மனைப்பலகையைத் துடைத்து, இது ஷைனிக்கு என்று தனியாக வைத்துக்கொண்டு மத்தியானம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். உன் கடிதம் அப்போது வரவில்லையே, நான் என்ன சொல்வேன்? பஸ் கிடைத்திருக்காது என்றேன். “ஒரு பஸ் கூடவா இல்ல?” என்று கேட்டுவிட்டு அந்தப் பலகையில் அவனே நறுக்கினான். பழத்தை இந்த முறை ரம்மில் போடவில்லை, திராட்சை ஜூஸில் ஊறுகிறது. உன் அத்தான் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

எதையும் அனுப்ப வேண்டாம் என்கிறாய். ஷைனிக்கு ஃபிராக்கும் ஜெபினுக்குச் சட்டையும் அக்டோபரிலேயே தைத்தாகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு நான் போட்டுக்கொள்ளவா? வருகிற சனிக்கிழமை உன் அத்தான் கம்பெனி வேலையாக எலெக்ட்ரானிக் சிட்டி வருகிறார், கொண்டுவந்து தருவார். கிறிஸ்துமஸ் டிரஸ் என்று சொல்லாதே, டிரஸ் என்று சொல்.

எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மறைத்து எழுத எனக்கு வராது. அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பவன் நீ ஒருத்தன்தான். அஷ்வினுக்குத் தங்கை என்றாலும் சிநேகிதி என்றாலும் ஷைனிதான். கொஞ்சம் யோசித்துப் பார்.

உன் அக்கா (அவர்கள்),
மேபல்


ஹெப்பகோடி
11.12.1995

அக்காவுக்கு,

நேற்று எங்கள் சபையில் நடந்ததைக் கேள்.

ஆராதனை நடுவில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து ஜெபக் குறிப்பு சொல்லலாம். யார் எதைக் கேட்டாலும் மறுக்காமல், உடனே எல்லோரும் முழங்காலில் நின்று சத்தமாக ஜெபிக்க வேண்டும். அதுதான் எங்கள் ஒழுங்கு. நேற்று ஷைனி எழுந்து நின்றாள். ஆறு வயதுப் பிள்ளை சாட்சி சொல்லப்போகிறதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். அவள் சொன்னது இது:

“கிறிஸ்துமஸுக்கு எங்க அத்தை வீட்டுக்குப் போகணும். அப்பா வேணாங்கறாரு. அப்பா மனசு மாறணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணிக்குங்க.”

எங்கள் மூத்த சகோதரர் பெருமாள்சாமி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஒழுங்கு என்றால் ஒழுங்கு என்று “ஜெபிப்போம்” என்றார். கிறிஸ்துமஸ் கொண்டாடாத நாற்பது பேரும் முழங்கால் போட்டு, நான் பிள்ளைகளைக் கிறிஸ்துமஸுக்கு அனுப்ப வேண்டும் என்று ஜெபித்தார்கள். நானும் அவர்கள் நடுவில் முழங்காலில்தான் இருந்தேன். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை அத்தான் பார்சலோடு வந்து பத்து நிமிஷம் ஷைனியை மடியில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இவள் எழுந்து நிற்கிறாள். நான் என்ன நினைப்பது? நீ சொல்லி அனுப்பினாயா? ஒரு சின்னப் பிள்ளையின் வாயில் உன் வார்த்தையை வைத்து, என்னை என் சபை முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாய்.

பார்சலைத் திருப்பி அனுப்புகிறேன். இனி ஜனவரியிலும் எங்களை எதிர்பார்க்க வேண்டாம்.

கிளாரன்ஸ்


பிரேசர் டவுன்
14.12.1995

கிளாரன்ஸ்,

உண்மையைச் சொன்னால், முதல் தடவை படித்தபோது சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள். இரண்டாம் தடவை கடைசி வரி வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு சமையலறையில் போய் அழுதேன். கோபத்திலாவது ‘நீ’ என்று எழுதினாயே என்று ஒரு ஓரத்தில் சந்தோஷமும் இருந்தது. எனக்கு வெட்கமே கிடையாது.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அஷ்வின்மேல் ஆணை. ஷைனியை நான் அக்டோபரில் அவள் பிறந்தநாளுக்குப் பார்த்ததோடு சரி. உன் அத்தான் அவளிடம் எந்த மிஸ் அடிப்பாள், எந்த மிஸ் அடிக்கமாட்டாள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம். வேறு ஒன்றும் பேசவில்லை. யார் எதைக் கேட்டாலும் ஜெபிப்பார்கள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது உன் சபைதான். பிள்ளை நம்பிவிட்டாள்.

ஆனால் பார்சல் அனுப்பியது என் தப்பு. அனுப்பாதே என்று நீ சொல்லியும் அனுப்பினேன். உன் வீட்டில் நீ வைத்ததுதான் முறை. அஷ்வினிடமும் சொல்லிவிட்டேன், மாமா வீட்டில் இப்படி, நம் வீட்டில் அப்படி, இரண்டும் ஆண்டவருக்குத் தெரியும் என்று. நீங்கள் வர வேண்டாம். நான் இனி கூப்பிடமாட்டேன்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. பிள்ளையை அடித்தாயா?

மேபல்


ஹெப்பகோடி
18.12.1995

அக்கா,

அடிக்கவில்லை. ஆனால் அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. காலையில் அவளாகவே சாக்ஸ் போட்டுக்கொண்டு, அவளாகவே பையை மாட்டிக்கொண்டு, “போய்ட்டு வரேம்ப்பா” என்பாள். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சுகந்தி சொல்லிப் பார்த்தாள், நான் கேட்கவில்லை. நேற்று ஞாயிறு. சாட்சி நேரத்தில் மறுபடி எழுந்துவிட்டாள். சுகந்தி ஃபிராக்கைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

“அத்தை வீட்டுக்குப் போக வேணாம். அப்பா என்கூட பேசணும். அதுக்கு ஜெபம் பண்ணிக்குங்க.”

நாற்பது பேரும் முழங்கால் போட்டார்கள். என்னால் முடியவில்லை, அக்கா. அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வெளியே வந்துவிட்டேன். கீழே ஹார்டுவேர் கடை ஷட்டர் முன்னால் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அவள்தான் என் முகத்தைத் துடைத்துவிட்டு, “பேசுப்பா, ஜெபம் பண்ணிட்டாங்க இல்ல” என்றாள்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். வேதத்தில் தேதி இல்லை என்று எழுதியது பொய் இல்லை, அதை நான் நம்புகிறேன். ஆனால் அது மட்டும் இல்லை. போன கிறிஸ்துமஸ் அன்று உன் வீட்டு வாசலில் நிற்கக்கூட முடியாமல் குடித்துவிட்டு வந்தேன். அத்தான் என்னைத் தாங்கிப் படுக்கவைத்தார். ஷைனிதான் என் ஷூவைக் கழற்றினாள். நீ மறந்துவிட்டாய், என்னால் மறக்க முடியவில்லை. இந்தச் சபைக்கு வந்துதான் குடியை விட்டேன். எட்டு மாதம் ஆகிறது. அந்த நாளில் உன் தெருவில் நடந்து வந்தால், சின்ன வயசிலிருந்து பழகினவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் கிளாஸ் நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொல்வேனா? என்னாலேயே என்னை நம்ப முடியவில்லை. பயம், அக்கா. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் வசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

உன்மேல் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துக்கொள்.

25ஆம் தேதி எனக்குக் கம்பெனி ரஜா. நாங்கள் அங்கே வர முடியாது. நீங்கள் மூன்று பேரும் இங்கே வருவீர்களா? ஸ்டார் இருக்காது, பாட்டு இருக்காது. சுகந்தி எந்த ரஜாவுக்கும் வைக்கிற மாதிரி சோறும் கோழிக்குழம்பும் வைப்பாள். உன் கிறிஸ்துமஸை விட்டுவிட்டு வா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் தம்பி,
கிளாரன்ஸ்


பிரேசர் டவுன்
22.12.1995

என் கண்ணே, தம்பி,

இதைத் தபாலில் போட்டால் கார்டுக் குவியலில் மாட்டிக்கொண்டு புது வருஷத்துக்குத்தான் வரும். அதனால் உன் அத்தான் கையில் கொடுத்தனுப்புகிறேன். இந்த முறை அவர் கையில் பார்சல் இல்லை, சோதித்துப் பார்த்துக்கொள்.

எட்டு மாதமா! ஏன்டா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் கிறிஸ்துமஸைப் பற்றி மூச்சு விட்டிருப்பேனா? நீ வசனம் எழுதினாய், நானும் பதிலுக்கு வாயடித்தேன். பயமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால், அன்றைக்கே பஸ் ஏறி வந்திருப்பேன். உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். “கெட்டிக்காரன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்கு அழத் தெரியும் என்பதே இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

நாங்கள் வருகிறோம். விடியற்காலை ஐந்து மணி ஆராதனையை மட்டும் விடமாட்டேன், அதை நீயும் கேட்கமாட்டாய். முடிந்ததும் மார்க்கெட் போய் அத்திப்பள்ளி பஸ் ஏறினால் ஒன்பதரைக்குள் உன் வீடு. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வருகிற என் நாத்தனார் வீட்டாரை 26ஆம் தேதிக்கு மாற்றிவிட்டேன். நாத்தனாருக்குக் கோபம். சாப்பிட்டால் சரியாகிவிடும்.

எதுவும் கொண்டுவரமாட்டேன். சுகந்திக்கு உதவியாக வெங்காயம் நறுக்க என் கை இருக்கிறது, போதும். அங்கே கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடக்கூடாது என்று அஷ்வினிடம் சொன்னேன். “ஷைனி இருப்பா இல்ல?” என்று கேட்டான். இருப்பாள் என்றேன். “அப்ப சரி” என்று விளையாடப் போய்விட்டான். நாம் இரண்டு பேரும் ஏழு கடிதம் எழுதித் தீர்த்ததை அவன் ஒரு கேள்வியில் முடித்துவிட்டான்.

ஒரே ஒரு வேண்டுகோள். அன்றைக்கு நான் கதவைத் தட்டும்போது நீயே வந்து திற. உன்னைப் பார்த்தால் “சாப்பிட்டியாடா” என்று கேட்டுச் சமாளித்துக்கொள்வேன். ஷைனியை மட்டும் அனுப்பிவிடாதே. அவள் முகத்தைப் பார்த்தால் “ஹேப்பி கிறிஸ்துமஸ்” என்று சொல்லாமல் இருக்க என் வாய்க்குத் தெரியாது.

உன் அக்கா,
மேபல்