வீட்டுக்கென்று ஒரு பாத்தி

அன்புள்ள அப்பாவுக்கு, நதியா வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாளா? பயப்படும்படி ஒன்றுமில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனி கேன்டீனிலிருந்து எங்கள் லேபுக்குக் கத்தரிக்காய் வந்தது. சோதித்தேன். பூச்சிமருந்து, இருக்கலாம் என்று அனுமதித்த அளவைப்போல் ஒன்பது மடங்கு இருந்தது. மெஷின்தான் தப்போ என்று மறுபடியும் பார்த்தேன். அதேதான். முந்நூறு பேர் சாப்பிடும் காய் அப்பா.

அது விளைந்த, குண்டடம் ஊரில் உள்ள தோட்டத்துக்கே லேபிலிருந்து போனோம். தோட்டக்காரர் பொங்கியண்ணன் நல்ல மனிதர், மோர் கொடுத்தார். ஓரத்துப் பாத்தியில் நான் கைவைத்ததும், "அதுல பறிக்காதீங்க கண்ணு. அது எங்க ஊட்டுக்கு. அதுக்கு மருந்தே அடிக்கறதில்லீங்க" என்று சாதாரணமாகச் சொன்னார்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். நம் கிணற்றடியிலும் அப்படி ஒரு பாத்தி இருக்கிறதே! அதில் பறித்துத்தானே என்னை வளர்த்தீர்கள். மற்றதெல்லாம் மூட்டை மூட்டையாகச் சந்தைக்குப் போனது. அதை யார் சாப்பிட்டார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது நானும் இங்கே சந்தைக் காயைத்தான் சாப்பிடுகிறேன்.

கோபமில்லை அப்பா. பக்கத்து வீட்டு மாரிச்செல்வம் அண்ணன் இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். புதுப் போர்வையில் தூக்கம் பிடிக்கவில்லை. கூடவே, சந்தைக்குப் போகும் மூட்டையிலிருந்து நாலு கத்தரிக்காயும் அனுப்புங்கள். நானே சோதித்துப் பார்க்கிறேன்.

லேபுக்குப் போக வேன் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
நதியா